அழகம்மாவின் இரத்தம் காட்டாத வெளிச்சம்

பத்தாயிரம்.

அழகம்மா குடித்து வந்த மாத்திரைப் போத்தலின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த எண் அது. மைக்ரோகிராம் கணக்கு. பயோட்டின் என்ற அந்த விட்டமின் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு முப்பது மைக்ரோகிராம் இருந்தால் போதும், அதுவும் சோற்றிலும் முட்டையிலுமே கிடைத்துவிடும். அழகம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எண் வாசிக்க வரும். பெரிய எண்ணாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"மகள் சின்னதா ஒன்னும் அனுப்பாது" என்று லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் காளியாயியிடம் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. டயகமவுக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார், அங்கேயே கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார், அங்கேயே கல்யாணம் கட்டினார். கணவர் செல்லசாமிக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. ஒரே மகள் கிருஷாந்தி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் விழும். நெடுங்காலம் கூடை சுமந்த பெண்களுக்குக் கயிறு விழும் இடத்தில் முடி தேய்ந்துபோகும். சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. அழகம்மாவுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு காதுப் பக்கமிருந்து மறு காதுப் பக்கம் வரை தோல் பளபளவென்று தெரியும்.

"ஒன் மண்டையில ரோட்டு போட்டுட்டாங்கடி. இனி தலவாக்கலை பஸ்ஸு இந்தப் பக்கமாத்தான் வரும்" என்பார் காளியாயி.

"வந்தா ஏறிக்க. ஒனக்கு டிக்கெட் இல்ல."

கொழுந்து எடுக்கும் மலையில் அழகம்மா இப்படிச் சிரிப்பார். ஆனால் கோயில் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ தலையில் முந்தானை இல்லாமல் போனதில்லை. கிருஷாந்தி பெரிய மனுஷி ஆனபோது எடுத்த சடங்குப் படங்கள் அத்தனையிலும் அம்மாவின் ஒரு கை, முந்தானை நழுவாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிருஷாந்தி அந்தத் தலையைச் சரியாகப் பார்த்தது குவைத்துக்குப் போன பிறகுதான். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, குளித்துவிட்டு வந்த அம்மா கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தார்.

"அம்மா, நிமிராத. அப்பிடியே இரு."

"என்னா மகள்?"

"இன்னும் கொஞ்சம் குனி."

கயிற்றுத் தடம் திரை முழுக்கத் தெரிந்தது.

அடுத்த மாதம், லீவில் ஊருக்கு வந்த ஒரு பெண்ணின் கையில் போத்தல் வந்து சேர்ந்தது. கிருஷாந்தி வேலை செய்யும் வீட்டு எசமானி முடி கொட்டாமலிருக்கக் குடிக்கும் அதே மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று என்றுதான் போத்தலில் எழுதியிருந்தது. கிருஷாந்திக்கு அவசரம். தைப்பொங்கலுக்கு வரும்போது அம்மாவின் தலையில் தன் கையால் பூ வைக்க வேண்டும்.

"காலையில ரெண்டு, பகல்ல ரெண்டு. மறந்துறாத. கயித்துக்குக் கீழ துணிய மடிச்சி வையி. நான் கேப்பேன்."

லயத்துக்கு வெளிநாட்டுச் சாமான் வந்தால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. சவர்க்காரத்தைக்கூட நூல் போட்டு வெட்டிப் பங்கு வைப்பார்கள். அழகம்மாவும் மாத்திரையைப் பங்கு வைத்தார். காளியாயிக்கு ஒரு பிடி. மேல் வரிசையில், பிள்ளை பெற்ற பிறகு முடி கொட்டிய ஷாமிலாவுக்கு ஒரு பிடி. கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேட்கக் கூச்சப்பட்டவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார். போத்தல் காலியாகும் நேரத்தில் அடுத்தது வந்தது.

முடி வந்தது. மாத்திரையால் வந்ததா, மடித்து வைத்த துணியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கயிற்றுத் தடம் முழுக்க மெல்லிய பூமுடி.

"இந்தாங்க, தடவிப் பாருங்க" என்று செல்லசாமியின் முன்னால் தலையை நீட்டினார்.

"பூனக்குட்டியத் தடவுற மாதிரி இருக்கு."

"வாய மூடுங்க. மகள்கிட்ட இப்பிடியா சொல்லுவீங்க?"

அவர் அப்படியேதான் சொன்னார். கிருஷாந்தி குவைத்தில் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் கேட்டது.

நெஞ்சு வலி வந்தது ஒரு காலை நேரத்தில், மலையில். கூடை முதுகில் இருக்க, நெஞ்சின் மேல் இன்னொரு கூடையை ஏற்றி வைத்தது போல இருந்ததாம். குளிரிலும் வியர்த்தது. கங்காணி அவரைக் கீழே அனுப்பினார். செல்லசாமி ஆட்டோ பிடித்துத் தலவாக்கலைக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தலவாக்கலையில் சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி வைத்து இருபது வருஷம் ஆகிறது. தோட்டத்து ஆட்களை அவசரப்படுத்தாத மனிதர்.

"ஏதும் மருந்து குடிக்கிறியளோ? பிரஷருக்கு, சீனிக்கு?"

"ஒன்னும் இல்லீங்க ஐயா."

"வேற ஏதும்? நாட்டு மருந்து?"

"இல்லீங்க."

அழகம்மா பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் நோய்க்குக் குடிப்பது. முடி ஒரு நோயா? பக்கத்தில் நின்ற செல்லசாமிக்கும் அது ஞாபகம் வரவில்லை. கேட்ட டொக்டருக்கும் முடி மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

ஈசீஜி தெளிவாக எதையும் காட்டவில்லை. இரத்தம் எடுத்து இரண்டு கடை தள்ளி இருக்கும் லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்பவர் நிலக்ஷி. வட்டவளைப் பக்கத்து லயத்தில் பிறந்து, படித்து, இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்.

இதயத்தின் தசை அடிபட்டால் அதிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். கசிவது மிகக் கொஞ்சம். அதைப் பிடிக்கத்தான் அந்த இயந்திரம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகள் இருக்கின்றன. ட்ரோபோனினைக் கவ்வும் எதிர்ப்புரதம் ஒன்று, பயோட்டினைப் பிடியாகக் கொண்டு அந்த மணியில் தொங்கும். வெளிச்சம் தரும் இரசாயனத்தைச் சுமந்த இன்னோர் எதிர்ப்புரதம் மறுபக்கமாக வந்து கவ்வும். பிறகு இயந்திரம் எல்லாவற்றையும் கழுவும். மணியில் தொங்காதது தண்ணீரோடு போய்விடும். மிச்சம் இருப்பதன் மேல் ஒரு திரவத்தை விட்டால் மின்மினி போல ஒரு கணம் ஒளிரும். அந்த ஒளியைத்தான் இயந்திரம் எண்ணுகிறது. வெளிச்சம் கூடினால் இதயத்துக்கு ஆபத்து. இருட்டாக இருந்தால் நல்ல செய்தி.

அழகம்மாவின் இரத்தம் இருட்டாக இருந்தது.

டொக்டர் அதோடு விடவில்லை. "மூண்டு மணித்தியாலம் இதில இருங்கோ. இன்னொருக்கா பாப்பம்" என்றார். வலி அடங்கியிருந்தது. வாங்கில் உட்கார்ந்திருந்த அழகம்மா, பகல் ஆனதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"நெஞ்சு வலியிலயும் முடிய மறக்கலியே நீ" என்றார் செல்லசாமி.

"மகள் கேக்கும்ல."

இரண்டாவது இரத்தமும் இருட்டுத்தான்.

"ரெண்டு தரமும் வடிவா இருக்கு. வயித்துக் காஸ் போல கிடக்கு" என்று டொக்டர் மருந்து எழுதினார். "ஆனா வலி திரும்ப வந்தா நிக்க வேண்டாம். நேரா நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் வலி திரும்ப வந்தபோது அழகம்மாவின் மனதில் நின்றது அந்த முதல் வசனம் மட்டும்தான். மூன்றாம் நாள் மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துக் காளியாயி கத்தினார்.

"எறங்குடி கீழ! ஆஸ்பத்திரிக்குப் போ!"

"ரெண்டு தரம் ரத்தம் எடுத்துப் பாத்தாங்கடி. நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. காஸுதான் இது."

பகல் கொழுந்து நிறுக்கும் நேரம் வரை நின்றார். மடுவத்துக் கொட்டகையில் தன் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டினார், கணக்குச் சொல்லும்வரை கேட்டார், தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தார். தோட்டத்து லொறியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

கிருஷாந்தியால் வர முடியவில்லை. எசமானி வீட்டில் பிரசவம், வேலைக்கு வேறு ஆள் இல்லை என்று விடவில்லை. காளியாயி போனைக் கையில் பிடித்துக்கொண்டு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மேலும் கீழும் லயத்திலிருந்தெல்லாம் சனம் வந்து வாசல் நிறைந்திருந்தது. பறைச் சத்தத்தில் கிருஷாந்தி பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. காளியாயிதான் போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"முந்தானைய எடுக்கச் சொல்லுது" என்றார். "தலையச் சீவி விடச் சொல்லுது."

புருஷன் இருக்கப் போன பெண், பூவோடுதான் போக வேண்டும். காளியாயி முந்தானையை விலக்கினார். கயிற்றுத் தடத்தில் முளைத்திருந்த பூமுடியை விரலால் சீவி, அதன் மேலேயே மல்லிகைச் சரத்தைக் குத்தினார். முடியில் ஊசி நின்றது. போனை அருகே கொண்டுபோய்க் காட்டினார்.

அன்றிலிருந்து கிருஷாந்தி அப்பாவிடம் ஒவ்வொரு முறை பேசும்போதும் இதைச் சொல்வாள்: "கடைசியா அம்மாவுக்கு நான் குடுத்தது அது ஒன்னுதாம்பா. முடியோட போச்சி அம்மா."

அடுத்து அவள் கேட்பது: "ரெண்டு தரம் பாத்து நல்லாருக்குன்னு சொன்னாங்களேப்பா. எப்பிடிப்பா?"

அதே கேள்வியோடு டொக்டர் மகாலிங்கமும் லேபுக்கு வந்தார். அவர் ஏசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "பிள்ளை, அந்த ரத்தம் மிச்சம் கிடக்கோ?" என்றார். கிடந்தது. நிலக்ஷி மறுபடி இயந்திரத்தில் வைத்தார். மறுபடி இருட்டு. மிச்சத்தைக் கண்டியில் வேறு முறையில் வேலை செய்யும் ஓர் இயந்திரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து போனில் சொன்ன எண்ணை நிலக்ஷி இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். முதல் நாளே அழகம்மாவின் இதயம் அடிபட்டிருந்தது. அவரை வாங்கில் உட்கார்த்தி வைத்திருந்த அந்த நேரத்தில் நுவரெலியாவுக்கு அனுப்பியிருந்தால், வைத்தியம் பார்க்க வழி இருந்திருக்கும்.

பயோட்டின் மாத்திரை குடிப்பவரின் இரத்தத்தில் எண் பிழைக்கும் என்று இயந்திரத்தின் கையேட்டில் எச்சரிக்கை இருந்தது. இருவரும் படித்தும் இருந்தார்கள். பயோட்டின் மாத்திரை குடிப்பது கொழும்புச் சீமாட்டிகளின் பழக்கம், தோட்டத்து லயத்துக்கு அது எங்கே வரப்போகிறது என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷி பஸ் ஏறி லயத்துக்கு வந்தார். யார் என்று தெரிந்ததும் காளியாயி இடுப்பில் கையை வைத்தார்.

"நல்லாருக்குன்னு ரிப்போட்டு அடிச்ச மிஸ் நீங்கதானா? வாங்க. தேத்தண்ணி குடிங்க. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நிலக்ஷி செருப்பைக் கழற்றினார். செல்லசாமி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா ஏதாவது விட்டமின் மாதிரி குடிச்சாங்களாங்க ஐயா? முடிக்கி, நகத்துக்கு?"

செல்லசாமி சாமிப் படத்துக்குப் பக்கத்திலிருந்து போத்தலை எடுத்து வந்து வைத்தார். அழகம்மா செத்த பிறகு அதை அங்கேதான் வைத்திருந்தார். நிலக்ஷி எண்ணை வாசித்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுல என்னாங்க மிஸ்?"

"மடுவத்துல தராசுக் கொக்கி இருக்குல்லங்க. எல்லாக் கொக்கியிலயும் யாரோ வெறும் சாக்கக் கொண்டாந்து மாட்டிட்டா, கொழுந்து உள்ள சாக்க எங்க மாட்டுறது? கீழதான் கெடக்கும். கீழ கெடக்கிறத எங்க மிஷின் கழுவி ஊத்திரும். அப்பறம் தராசப் பாத்துட்டு கொழுந்தே இல்லன்னு சொல்லும். இந்த மாத்திரதாங்க அந்த வெறும் சாக்கு."

செல்லசாமி போத்தலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப மாத்திர அவளக் கொல்லல."

"இல்லீங்க. நெஞ்சு வருத்தத்த மறைச்சிருச்சி. நாங்களும் கேக்காம விட்டுட்டோம்."

"இத அனுப்புனது மகள்."

"தெரியுங்க."

"மகளுக்கு இது தெரியக்கூடாது மிஸ்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மிஷின் பழுதுன்னு சொல்லிருங்க. அது ஏசுனா ஏச்ச நீங்க வாங்கிக்கங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏச்ச வாங்கிக்கிறேன்" என்றார் நிலக்ஷி. "வேற யாருங்க இதக் குடிக்கிறது?"

செல்லசாமி சாத்திய கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் லயம் முழுக்க இருந்தது.

அன்று பின்னேரமே அவர் கதவு கதவாகப் போனார். மாத்திரைக்கு டேட் முடிந்துவிட்டது, கொடுங்கள் என்று கேட்டார். ஷாமிலா உடனே கொடுத்துவிட்டார். காளியாயி விடவில்லை.

"செத்தவ குடுத்தத திருப்பி வாங்குறீங்களேண்ணே. மேல இருந்து அவ ஒங்கள ஏசுவா."

"ஏசட்டும்."

"எனக்கும் இப்பத்தான் மொளைக்கிது. இந்தா பாருங்க."

"குடு தங்கச்சி."

குரலில் என்ன இருந்ததோ, காளியாயி மறு பேச்சில்லாமல் ஒரு தாளில் சுற்றி வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டார். செல்லசாமி எல்லாவற்றையும் கக்கூஸ் குழியில் கொட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை கிருஷாந்தி பேசினாள். லீவு கிடைத்துவிட்டது. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறாள்.

"அப்பா, லயத்துல எல்லாப் பொம்பளைகளுக்கும் ஆளுக்கு ஒரு போத்தல் வாங்கிட்டேன். அம்மா பேர்ல குடுப்போம். பெட்டியும் கட்டியாச்சி."

செல்லசாமி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மாத்திர வேணாம் மகள்."

"ஏம்பா?"

"அம்மாவுக்குத்தான் முடி வந்திருச்சே. அது போதும்."

அந்தப் பக்கம் கிருஷாந்தி அழ ஆரம்பித்தாள். "அதனாலதாம்பா கொண்டாறேன். அம்மாவுக்கு வந்த மாதிரி எல்லாருக்கும் வரட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த லேபுக்கும் போகணும்பா. அந்த மிஸ்ஸ நேர்ல பாத்து ஒன்னே ஒன்னு கேக்கணும். ஒங்க அம்மான்னா இப்பிடி விட்டுருவீங்களான்னு."

திங்கட்கிழமை செல்லசாமி லேபுக்குப் போனார். கவுண்டரில் உள்ள பிள்ளை, வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்: "முடிக்கி, நகத்துக்கு, தோலுக்கு ஏதாச்சும் மாத்திர குடிக்கிறீங்களா?" ஓர் ஆண் சிரித்துக்கொண்டே வழுக்கைத் தலையைக் காட்டினார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். செல்லசாமி ஓரமாக நின்று, கூட்டம் குறைந்த பிறகு நிலக்ஷியிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னார்.

"நீங்களே சொல்லிருங்க மிஸ். எனக்கு வாய் வராது."

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு அவங்க அம்மா மேலயும் அவங்க மேலயும் பழியப் போடுறேன்னு நெனைப்பாங்க. நீங்கதாங்க சொல்லணும்."

"சொல்லாம விட்டா?"

"பெட்டியத் தொறந்து குடுத்துருவாங்க. ஒருத்தருக்கு நெஞ்சு வலிக்கும். தலவாக்கலையில நாங்க கேப்போம். வேற ஊர்ல கேப்பாங்களா?"

செல்லசாமி தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"அது ஒன்னுதான் அம்மாவுக்குக் குடுத்தேன்னு சொல்லுது மிஸ். அதையும் நான் புடுங்கணுமா?"

நிலக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கூட வாறேங்க" என்றார். "முடி நெசமாவே வந்திச்சின்னு நானும் சொல்றேன். அது பொய் இல்லியே."

செல்லசாமி தலையாட்டினார். பெட்டி லயத்து வாசலில் இறங்கும் முன்னால் சொல்லியாக வேண்டும், இறங்கிவிட்டால் கையேந்தி நிற்கும் பெண்களுக்கு நடுவில் சொல்ல முடியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கிருஷாந்தியை ஏற்றி வரும் வேன் கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க நிற்கும். அங்கே வைத்துச் சொல்வது என்று பேசிக்கொண்டார்கள்.

விமானம் வரும் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறங்குகிறது. நிலக்ஷி அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார்.